கோவலனைக் கொன்றது யார்?

“சிலப்பதிகாரம் உணர்த்தும் மூன்று உண்மைகள் யாவை?”

கேள்வி முடியுமுன் கை உயர்ந்தது. எழுந்தான் மாணவன். இமைகளை மூடிக்கொண்டான். பொழிந்தான்! ஆட்சியில் தவறியவனை அறமே அழிக்கும். கற்புடையாளை உயர்ந்தோர் போற்றுவர். முன்வினை விடாது வந்து சேரும். ஒரு சொல் பிறழவில்லை. ஓர் எழுத்துச் சிதையவில்லை. வகுப்பு வியந்தது. நாமும் ஒரு கணம் மகிழ்ந்தோம்.

“நன்று, தம்பி! ஆட்சியில் தவறியவன் என்றாயே, யார் அவன்?”

“பாண்டியன், ஐயா.”

“என்ன தவறு செய்தான்?”

மூடியிருந்த கண்கள் திறந்தன. நம்மைப் பார்த்தான், நண்பனைப் பார்த்தான், குறிப்பேட்டைப் பார்த்தான். பிறகு, குற்றம் தன்மேல் இல்லை என்பதை நிறுவும் குரலில் சொன்னான்: “அது குறிப்பேட்டில் இல்லையே, ஐயா!”

தோழர்களே, சிரிக்க வேண்டாம். அந்தக் குறிப்பேட்டைச் சொல்லச் சொல்ல எழுத வைத்தவர்கள் நாம்தாம். பட்டம் பெற்று, கல்வியியலும் பயின்று, தமிழாசிரியர் என்ற பெயரோடு பள்ளிக்குள் நுழைந்த முதலாண்டில் நாம் செய்த திருப்பணி அது! நமக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நாமும் அப்படியே சொல்லிக் கொடுத்தோம். ஆசிரியர் பெயர், நூற்குறிப்பு, அருஞ்சொற்பொருள், இலக்கணக் குறிப்பு, மனப்பாடப் பகுதி, குறுவினா, நெடுவினா. பாட்டை இப்படி ஏழு துண்டாக வெட்டி ஏழு தட்டில் வைத்தோம். வெட்டிய பின் பாட்டு எங்கே என்று எவரும் கேட்கவில்லை. மதிப்பெண் வந்தது. பெற்றோர் மகிழ்ந்தனர். தலைமையாசிரியர் தட்டிக் கொடுத்தார்.

இதற்கு மாற்று என்று சொல்லித்தான் ‘செயல்பாடு’ வந்தது. பழையதைச் சாடிய கையோடு புதியதையும் உரசிப் பார்ப்பதுதானே முறை? உரசிப் பார்ப்போம்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் செயல்பாடு என்பது நேற்றுப் பிறந்த சொல்லன்று. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. 2007-க்குப் பின் மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளுக்குப் பரவிற்று. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் பிள்ளைகளோடு அமர்ந்தார். அட்டைகள் வந்தன, படிகள் ஏறுவதுபோல் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறலாம் என்றனர். பெருந்தொற்று பள்ளிகளைப் பூட்டிய பின், எழுத்தை மறந்த பிள்ளைகளுக்காக 2021-ல் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைக்கேற்பப் பிரித்துப் பயிற்றும் ஏற்பாடு. எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையை, எல்லோருக்கும் ஒரே பாடம் என்ற உலக்கையால் இடிக்காத இந்த நோக்கத்தைக் குறை கூற மாட்டோம். குறை கூறுபவர், முதல் வரிசையில் தம் பிள்ளையை அமர்த்திக்கொண்டு கடைசி வரிசையைக் காணாதவராக இருப்பார்.

நமது குறை வேறு. மேல்வகுப்பில், இலக்கியப் பாடத்தில், செயல்பாடு என்ற பெயரால் நடப்பதைப் பாருங்கள். பார்வையிட ஒருவர் வருகிறார் என்று செய்தி வரும். உடனே வண்ணத் தாள்! கத்தரிக்கோல்! பசை! கண்ணகிக்கு அட்டையில் சிலம்பு, பாண்டியனுக்கு மின்னும் தாளில் மணிமுடி. குழு ஒன்று, குழு இரண்டு, குழு மூன்று எனப் பெயர்ப்பலகைகள். கைதட்டல், பாட்டு, கைபேசியில் படம். படம் மேலே போய்ச் சேரும்; மணிமுடி குப்பைத் தொட்டிக்குப் போய்ச் சேரும். முடி சூடிய பிள்ளையைக் கூப்பிட்டு, “பாண்டியன் என்ன தவறு செய்தான்?” என்று கேளுங்கள். அன்று குறிப்பேட்டில் இல்லாதது இன்று மணிமுடியிலும் இல்லை!

கை வேலை செய்தது. கண் வேலை செய்தது. கருத்து வேலை செய்யவில்லை. பிள்ளையைப் பாட்டுக்குள் போகவிடாமல் வாயிலிலேயே விளையாட்டுக் காட்டி அனுப்பிவிடும் செயல்பாட்டுக்கும், பாட்டைப் படிக்கவிடாமல் உரையைப் படிக்க வைக்கும் குறிப்பேட்டுக்கும் உறவு நெருக்கமானது. அண்ணன் தம்பி என்றே சொல்லலாம்.

அப்படியானால் படிப்பது என்றால் என்ன? நம் இயக்கத்தார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊர்தோறும் படிப்பகம் வைத்தவர்கள் அவர்கள். முடிதிருத்தகத்திலும் தேநீர்க் கடையிலும் ஏட்டை ஒருவர் உரக்கப் படிப்பார். எழுத்தறியாத பத்துப் பேர் கேட்பார்கள். படித்து முடிக்குமுன் வாதம் கிளம்பிவிடும். “அந்த வரியை மறுபடி படி!” என்பார் ஒருவர். அந்த ‘மறுபடி படி’ என்ற மூன்று விநாடிக் குரலில் இலக்கியக் கல்வி முழுவதும் அடங்கியிருந்தது. 1943-ல் கம்பராமாயணத்தைப் பற்றி ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களோடும் நாவலர் சோமசுந்தர பாரதியார் அவர்களோடும் அண்ணா மேடையில் சொற்போர் நிகழ்த்தினாரே, அதை நாம் அரசியல் நிகழ்ச்சியாக மட்டும் நினைவு கூர்கிறோம். நூலைக் கையில் வைத்துக்கொண்டு, எதிர்ப்பவரும் ஏற்பவரும் நூலிலிருந்தே சான்று காட்டிய வாசிப்பு வகுப்பு அது. எதிர்ப்பதற்கும் படித்தாக வேண்டியிருந்தது!

கடல் கடந்தும் பார்க்கலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், கவிதைகளைப் புலவர் பெயரும் காலமும் நீக்கி மாணவர் கையில் கொடுத்தார்; தோன்றியதை எழுதி வரச் சொன்னார். பெயர் போனதும் பல தலைகள் தடுமாறின. புகழ்பெற்ற புலவரின் கவிதையை இகழ்ந்தவர் உண்டு. வெற்றுக் கவிதையை வானளாவப் புகழ்ந்தவர் உண்டு. 1929-ல் அதை நூலாகவே வெளியிட்டார். பிரேசில் நாட்டில் பாவ்லோ பிரெய்ரே 1963-ல் ஆங்கிக்கோஸ் என்ற ஊரில், சுமார் 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரப் பாடத்தில் எழுத்தறிவிக்க முனைந்தார். அரிச்சுவடியிலிருந்து அவர் தொடங்கவில்லை. அவர்கள் வாழ்வில் புழங்கும் சொல்லிலிருந்து தொடங்கினார். சொல்லைப் படிக்கக் கற்றவன், தன் நிலையையும் படிக்கத் தொடங்குவான் அல்லவா? 1964-ல் வந்த இராணுவ ஆட்சிக்கு அது விளங்கிவிட்டது. அவரைச் சிறையிலிட்டது.

நமது வகுப்பில் என்ன நடந்தது என்பதற்கு வருவோம்.

பாடநூலில் இருந்தது காப்பியத்தின் சிறு துண்டு. 3 காண்டங்கள், 30 காதைகள் கொண்ட நூலில் ஒரு கைப்பிடி. முழு நூலையும் நூலகத்திலிருந்து எடுத்து வந்தோம். இரண்டு படிகளே கிடைத்தன. மதுரைக் காண்டத்தின் கொலைக்களக் காதையைப் பிரித்து மேசைமேல் வைத்து, கரும்பலகையில் ஒரே வரி எழுதினோம்: ‘கோவலனைக் கொன்றது யார்?’

“பாண்டியன்!” என்றது முன்வரிசை. “பொற்கொல்லன்!” என்றது பின்வரிசை. “ஊழ்வினை!” என்றான் நமது மனப்பாட மன்னன். “எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், எவரும் படிக்கவில்லை” என்றோம். வகுப்பையே நீதிமன்றம் ஆக்குவது என்று முடிவாயிற்று. முடியும் இல்லை, முகமூடியும் இல்லை. ஒரே விதி: எவர் மீது குற்றம் சாட்டினாலும் நூலில் இடம் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் உட்கார வேண்டும்.

அந்தக் காதையை நினைவு கூருங்கள், தோழர்களே. ஒற்றைச் சிலம்போடு வந்த கோவலன், அரசியின் காலுக்கு ஏற்ற சிலம்பு இது, விலை மதிக்க முடியுமா என்று பொற்கொல்லனைக் கேட்கிறான். அரசியின் சிலம்பை முன்பே திருடியவன் அவன். தன் குற்றத்தை இறக்கி வைக்க ஒரு தோள் தேடிக்கொண்டிருந்தவனுக்குத் தோள் தானே வந்து நின்றது. அரண்மனைக்கு ஓடுகிறான். அரசனோ, ஆடல் மகளிரின் கூத்தால் ஊடிச் சென்ற அரசியைத் தேற்ற அந்தப்புரத்துக்கு விரைந்துகொண்டிருக்கிறான். வழியிலேயே முறையீடு, வழியிலேயே ஆணை.

அந்த ஆணையைப் படிக்க ஒருவன் வேண்டும். நன்றாகப் படிப்பவர்கள் எல்லாம் பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்; நீளமான பேச்சு அல்லவா! அரசனின் ஆணையோ சிறியது. கடைசி வரிசையில், எழுத்துக் கூட்டியே படிக்கும் மாணவன் ஒருவன் இருந்தான். வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வான். அவனுக்கு அந்த வரிகளைக் கொடுத்தோம். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: சிறியது, சீக்கிரம் முடிந்துவிடும், வகுப்பின் ஓட்டம் தடைப்படாது என்றே கொடுத்தோம். மூன்று நாள் அந்த வரிகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு முணுமுணுத்தான்.

அன்று எழுந்தான். ஒவ்வோர் எழுத்தாக, ஒவ்வொரு சொல்லாக, இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு படித்தான். சிலர் சிரிக்கத் தொடங்கினர். சட்டென்று ஒரு மாணவி கை உயர்த்தினாள்.

“ஐயா, அந்தச் சொல்லை மறுபடி படிக்கச் சொல்லுங்கள்!”

படித்தான். அரசன் சொல்வது, ‘கொன்று கொண்டு வாருங்கள்’ என்று மட்டும் அன்று. என் அரசியின் சிலம்பு அந்தக் கள்வனின் கையில் ‘இருந்தால்’ என்று ஒரு சொல் நடுவே நிற்கிறது. இருக்கிறதா என்று பார்த்த பிறகுதானே கொலை? பார்த்தது யார்? நாம் கல்லூரியில் அந்த வரிகளைப் படித்தவர்கள், விரைவாகப் படித்தவர்கள்! ‘கொன்று’ என்ற சொல் நம் கண்ணில் பட்ட வேகத்தில் ‘இருந்தால்’ என்பதைத் தாண்டிவிட்டோம். காவலரும் அப்படித்தான் தாண்டினார்களோ? தடுமாறிப் படித்தவன் தாண்டவில்லை. தாண்டத் தெரியாததால் தப்பவிடவில்லை! அன்று முதல் அவன் படிக்கும்போது எவரும் சிரிப்பதில்லை. அவன் இப்போது விரைந்து படிக்கிறான் என்று சொல்ல ஆசை. ஆனால் அது பொய்யாகும். தலை குனியாமல் படிக்கிறான். அவ்வளவே.

வழக்கு சூடு பிடித்தது. காவலரை விசாரித்தார்கள். கோவலனின் தோற்றத்தைக் கண்டு, ‘இவன் கொலைப்படத் தக்க கள்வன் அல்லன்’ என்று அவர்களே சொல்கிறார்கள். நூலில் இருக்கிறது. பொற்கொல்லன் நகைக்கிறான். களவு நூலில் கூறப்பட்டவை என்று மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டை அடுக்குகிறான். “இதில் ஒன்றையாவது கோவலன் செய்ததாகக் காட்டினானா?” என்று கேட்டாள் ஒரு மாணவி. காட்டவில்லை! மந்திரம் என்றான், தெய்வம் என்றான், வாய் மூடினார்கள். சான்று கேட்க வேண்டிய இடத்தில் சாத்திரத்தைக் கேட்டு அடங்கினார்கள். இந்த இடத்தை நாம் விளக்கவே இல்லை; பகுத்தறிவுச் சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளை, பாட்டிலிருந்தே எடுத்தாள்.

பிறகு ஓர் இளங்காவலன், மழை இரவில் தன் வாளைப் பறித்துக்கொண்டு மாயமாய் மறைந்த வேறொரு கள்வனின் கதையைச் சொல்கிறான். எவனோ செய்ததற்கு இவன் சான்றாம்! செய்யாவிட்டால் அரசன் நம்மை வருத்துவான் என்ற அச்சமும் வெளிவருகிறது. எல்லோரும் பேசிக்கொண்டே நிற்க, கல்வியில்லாக் குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். இப்போது சொல்லுங்கள், கொன்றது யார்? வாளா? வஞ்சமா? அவசரமா? அச்சமா? வகுப்பு நான்காகப் பிரிந்தது.

ஊழ்வினைக்கும் வழக்குரைஞன் இருந்தான். அவனிடம் சான்று இல்லாமல் இல்லை. வினை விளையும் காலம் ஆதலால் அரசன் ஆராயவில்லை என்று நூலே சொல்கிறது. கட்டுரைக் காதையில் மதுரைத் தெய்வம் வந்து முற்பிறப்புக் கதையையும் உரைக்கிறது. இடம் காட்டினான், விதிப்படி நாம் ஏற்றோம். எதிர்வாதி எழுந்தான்: “வழக்குரை காதையில் பாண்டியன் அந்தச் சான்றைக் காட்டினானா?” என்றான். அவன் கேட்டது பெரிய கேள்வி, தோழர்களே! தன் முன் உடைக்கப்பட்ட சிலம்பிலிருந்து முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்ததைக் கண்ட அரசன், ‘எல்லாம் வினை, அம்மா! நான் என்ன செய்வேன்?’ என்று சொல்லவில்லை. தன்னையே கள்வன் என்று தீர்ப்பளித்துக்கொண்டு விழுந்து இறக்கிறான். புலவர் கொடுத்த சாக்கை அரசன் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று உண்மைகளில் ஒன்றை மற்றொன்று மறுக்கிறது! ஆட்சியில் தவறினான் என்றால் தவறாமல் இருந்திருக்க முடியும்; வினை இழுத்தது என்றால் தவறு அவனுடையது அன்று. இரண்டையும் ஒரே விடையில் எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கிக்கொண்டிருக்கிறோம், இத்தனை காலம்!

இந்தக் காப்பியம் பற்றி நம் முகாமிலேயே இரு குரல்கள் உண்டு. பெரியார் இதைக் கடுமையாகச் சாடினார். கலைஞர் 1964-ல் ‘பூம்புகார்’ படத்துக்கு உரையாடல் தீட்டினார். 1968-ல் சென்னைக் கடற்கரையில் கண்ணகிக்குச் சிலையே எழுந்தது. நம் தோழர் ஒருவர், “மூடநம்பிக்கை நூலை ஏன் இவ்வளவு பாடுபட்டு நடத்துகிறாய்?” என்று கேட்டார். நடத்தினால்தானே அவர் சொல்லும் மூடநம்பிக்கை எந்த வரியில் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும்? தீயை ஏவும் கண்ணகி, பார்ப்பனரையும் பசுவையும் விலக்கச் சொல்லும் இடத்தை வகுப்பில் நாம் மறைக்கவில்லை. படித்தோம். “உழவர் வீடு எரிந்ததா, ஐயா?” என்று கேட்டார்கள். போற்றிப் பாடுவோரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. தூக்கி எறிவோரும் கேட்பதில்லை. இன்னொன்று: பள்ளி ஆண்டு விழாவில் ‘கற்பில் சிறந்தவள் கண்ணகியா, மாதவியா?’ என்று பட்டிமன்றம் நடத்துகிறார்களே, அதை இலக்கியச் செயல்பாட்டில் சேர்க்க வேண்டாம். இரண்டு பெண்களை எடைக்கல்லில் நிறுத்தி, கட்டிய மனைவியை விட்டுப் போனவனை நடுவராக்கும் வேடிக்கை அது.

இனிச் சொல்லப் போவது நம் குறை. நமது நீதிமன்றத்தில் பொற்கொல்லனுக்குத்தான் சிரிப்பு மிகுதி. அவன் வாயைத் திறந்தாலே ஆரவாரம். நாமும் அதை ஊக்கினோம். வகுப்பு உயிரோடு இருக்கிறதே என்ற களிப்பு! நகைப்பட்டறையில் வேலை செய்யும் தந்தையின் மகன் ஒருவன் மூன்றாம் வரிசையில் இருந்ததை நாம் எண்ணவில்லை. வெளியே மரத்தடியில் அவனை அந்தப் பெயரால் அழைக்கத் தொடங்கியிருந்தார்கள் என்பது பிறகே தெரிந்தது. அவன் நம்மிடம் முறையிடவில்லை. நூலின் ஒரு படியை வீட்டுக்குக் கேட்டு வாங்கிப் போனான். நான்கு நாள் கழித்து ஆசிரியர் அறைக்கு வெளியே நின்றான்.

“ஐயா, பொற்கொல்லர் ஆயிரம் பேரை ஏன் கொன்றார்கள்?”

நமக்கு முகம் வெளுத்தது. நூலின் முகப்பிலேயே, உரைபெறு கட்டுரையில் இருக்கும் செய்தி அது. பாண்டிய நாட்டில் மழை பொய்த்ததாம், கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன், பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுக் கண்ணகிக்கு விழா எடுத்தானாம், மழை பெய்ததாம்! வஞ்சிக் காண்டத்திலும் அது மீண்டும் வருகிறது. பட்டப் படிப்பில் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம். தேர்வுக்கு வராத பக்கம். திருடியவன் ஒருவன். மடிந்தவர் ஆயிரவர். அவர்கள் கையில் எந்தச் சிலம்பு இருந்தது? ‘இருந்தால்’ என்று அந்த அரசன் ஒரு சொல்லாவது சொன்னானா?

“இதை வகுப்பில் கேட்கிறாயா, தம்பி?” என்றோம். சிறிது நேரம் பேசாமல் நின்றான். “நீங்கள் கேளுங்கள், ஐயா. நான் இடம் காட்டுகிறேன்” என்றான்.

மறுநாள் வழக்கு மீண்டும் எடுக்கப்பட்டது. குற்றவாளிக் கூண்டில் இம்முறை செழியன். நாம் கேட்டோம், அவன் எழுந்து பக்கத்தைக் காட்டினான், எழுத்துக் கூட்டிப் படிப்பவன் அதை உரக்கப் படித்தான். எவரும் சிரிக்கவில்லை. மழைக்கும் மனிதப் பலிக்கும் என்ன தொடர்பு என்று ஒருத்தி கேட்டாள். கண்ணகி கேட்டாளா இந்தப் பலியை என்று இன்னொருத்தி கேட்டாள். கேட்டதாக அந்தப் பகுதியில் இல்லை என்று தேடிச் சொன்னார்கள். மரத்தடியில் அந்தப் பெயர் நின்றுவிட்டது என்று முற்றாகச் சொல்வதற்கில்லை; குறைந்தது என்று சொல்லலாம்.

நடைமுறையைக் கேட்கும் ஆசிரிய நண்பர்களுக்கு இரண்டு சொல். பாடவேளை 40 நிமிடம். வகுப்பில் 46 பேர். நூல் இரண்டு படி. ஆகவே தேவையான பக்கங்களைக் கையால் எழுதிப் படியெடுத்தோம், எழுதியவர்கள் மாணவர்களே. அப்படி எழுதியதும் ஒரு வாசிப்பாயிற்று. இந்த ஒரு காதைக்கு ஒன்பது பாடவேளை செலவாயிற்று. அதற்காகத் துணைப்பாடம் ஒன்றை விரைந்து ஓட்டினோம். அந்தப் பாடத்தைப் பழைய குறிப்பேட்டு முறையிலேயே நடத்தினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. எல்லாவற்றையும் இப்படி நடத்த முடியாது. ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ முடியும்.

அரையாண்டுத் தேர்வில் அதே கேள்வி வந்தது. மூன்று உண்மைகள் யாவை? நமது மனப்பாட மன்னன் மூன்றையும் பிழையின்றி எழுதியிருந்தான். அதன் கீழே, இடம் போதாமல் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி: ‘முதலாவது உண்மையானால் மூன்றாவது எப்படி உண்மையாகும், ஐயா?’ விடைக் குறிப்பில் அதற்கு மதிப்பெண் இல்லை. ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு, அந்த வரியின் அடியில் ‘மறுபடி படிப்போம்’ என்று சிவப்பு மையால் எழுதித் தாளைத் திருப்பிக் கொடுத்தோம்.